குணாளன் பூட்டிவைத்த ஃபைல்

"இந்த இடத்துல என்னா எழுதியிருக்கே குணா?"

லோகேஸ்வரி கேட்டதும் குணாளன் சட்டென்று திரையை மூடினான்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு சேஃப்டிக்கு."

ஒன்றுமில்லாததற்கு எதற்கு இந்தப் பதற்றம்?

பாயான் பாருவில் இருக்கும் அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள்தான் டீம் லீடர். ஆறு வாரம் வெளியிலிருந்தே வேலை பார்த்துவிட்டு, திங்கட்கிழமைதான் ஆபீசுக்குத் திரும்பியிருந்தாள். சுங்கை பாக்காப்பில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் குணாளனின் திரையில் இருந்தது. ஓடும்போது எங்கே என்ன தப்பு நடந்தாலும், அதுவே லாக் என்ற குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பேஷண்ட் விவரங்களை வாங்கி அங்கங்கே அனுப்பி வைக்கும் பகுதிகளை டீமில் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதியிருந்தார்கள். யார் எழுதியதில் என்ன கோளாறு என்று தினமும் காலையில் மேனேஜருக்கு ரிப்போர்ட் போகும்.

ஆறு வாரமாக ரிப்போர்ட்டில் ஒரு கோளாறுகூட இல்லை.

"அதெப்படி ஒண்ணுகூட இருக்காது?" டெஸ்டர் நவமணியிடம் கேட்டாள்.

நவமணி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் அதான்க்கா டவுட்டு. மத்தியானம் சாப்பிடக்கூட குணா வெளிய போறதில்ல. சாப்பாட்ட தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்து, தனியா உக்காந்து எதையோ தட்டிக்கிட்டே இருப்பான். பக்கத்துல போனா ஸ்கிரீன மூடிடுவான்."

லோகேஸ்வரி அவன் எழுதியதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். அகப்பட்டது.

எல்லாப் பகுதிகளையும் சுற்றி ஒரே ஒரு 'கேட்ச்' போட்டிருந்தான். உள்ளே எது தடுக்கி விழுந்தாலும் அது பிடித்துக்கொள்ளும், புரோகிராம் நிற்காது. அதுவரை சரி. ஆனால் பிடித்ததை ரிப்போர்ட்டுக்கு அனுப்பவில்லை. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஒரு ஃபைலுக்கு அனுப்பியிருந்தான். அதைத் திறக்க அவன் ஒருவனால்தான் முடியும்.

அடுத்த மாதம் அவனுக்கு சீனியர் பதவி கிடைக்க வேண்டும். அவளே சிபாரிசு செய்திருந்தாள். தன் தப்பெல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடக் கூடாதென்று பதுக்குகிறான்!

ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு குணா."

அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா. வெள்ளிக்கிழமைக்கு மேல நானே சொல்றேன்."

"ரெண்டு நாள்ல எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு பார்க்கிறியா?"

அவள் நேராக மேனேஜர் ஷேக் அலாவுதீனின் அறைக்குப் போனாள். குணாளனும் அழைக்கப்பட்டான்.

"பாஸ், நாம எழுதினது தடுக்கி விழுந்தா நாமதான் பிடிக்கணும். இல்லேன்னா மொத்த சிஸ்டமும் நின்னுடும், பேஷண்டெல்லாம் கவுண்டர்ல காத்துக் கிடப்பாங்க. ஆனா பிடிச்சா, பிடிச்சேன்னு சொல்லணும்ல? இவன் அப்படியே முழுங்கியிருக்கான்."

அலாவுதீன் அவனைப் பார்த்தார். "யாரோட தப்பு தம்பி இதெல்லாம்?"

"என்னோடதுன்னே வச்சுக்குங்க பாஸ்."

"என்னா லா இது, வச்சுக்கிறதா? ஃபைல திற, பார்ப்போம்."

"வார்னிங் லெட்டர் குடுங்க, வாங்கிக்கிறேன். ஃபைல் மட்டும் வேணாம் பாஸ்."

அலாவுதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, சீனியர் போஸ்ட்ட மறந்துடு. லோகேஸ்வரி, நீ அந்த ஃபைல பார்த்துட்டு எனக்குச் சொல்லும்மா. நான் வார்னிங் லெட்டர் அடிச்சு வைக்கிறேன்."

வெளியே வந்ததும் குணாளன் ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி அவளிடம் நீட்டினான்.

"தனியா இருக்கும்போது பாருங்கக்கா."

மாட்டிக்கொண்டபிறகு மானம் போகுதோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் மீட்டிங் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஃபைல் திறந்தது. முப்பத்தோரு கோளாறுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக, 'சரி செய்தது: குணாளன்.'

அதற்குப் பக்கத்தில், 'எழுதியது: லோகேஸ்வரி.'

அடுத்த வரியிலும் லோகேஸ்வரி. அதற்கடுத்த வரியிலும். கடைசி வரை இறக்கிப் பார்த்தாள். வேறு பெயரே இல்லை.

பேஷண்ட் பெயர் காலியாக வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதியது. நெட் துண்டித்தால் என்ன செய்வது என்று பார்க்காமல் விட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடச் செய்யாத தப்புகள்.

தேதிகளைப் பார்த்தாள். அப்பா ஐசியூவில் கிடந்த நாட்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் நர்ஸின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் எழுதி அனுப்பியவை. வருகிற வெள்ளிக்கிழமைதான் அப்பாவை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஃபைலின் தலைப்பில் குணாளன் தனக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

'அக்காவோட அப்பா சீரியஸ். ரிப்போர்ட்ல அக்கா பேர் வர வேணாம். அவர் வீடு வந்து சேர்ந்ததும் மெதுவா சொல்லிக்கலாம்.'

லோகேஸ்வரி ஃபைலை மூடிவிட்டு எழுந்தாள்.

அவள் மேனேஜர் அறைக்குள் நுழைந்தபோது, அடித்த லெட்டர் மேசைமேல் தயாராக இருந்தது. அலாவுதீன் பேனாவைத் திறந்தார்.

"பார்த்தாச்சா? கையெழுத்துப் போட்டு அவன்கிட்ட குடுத்திடலாம்ல?"

"போடுங்க பாஸ்" என்றாள் லோகேஸ்வரி. "ஆனா பேரை மாத்தணும். முப்பத்தொண்ணும் என்னோடது."