எட்டாவது வளைவு

தங்கவேல், வயது பத்தொன்பது, மவுண்ட் ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தின் எட்டாவது வளைவுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தான். செய்யாற்றிலிருந்து பட்டணம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

தலைக்கு மேலே பன்னிரண்டு அடியில் செங்கல் வளைவு. அதை இருபத்தோரு நாளாகத் தாங்கிப் பிடித்திருந்த மரச்சட்டம். சட்டத்தின் முட்டுக்கால்களுக்கு அடியில் இரண்டு ஆப்புகள்.

ஆப்புகளைத் தட்டிவிட்டால், கயிறு கட்டி வைத்திருந்த சட்டம் தெருப்பக்கம் சரிந்துவிடும். அப்புறம் வளைவு தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அத்தனை செங்கல்லும் தங்கவேலின் தலையில்தான்.

கோதண்டபாணி மேஸ்திரியின் கட்டடங்களில் இது வழக்கம். வளைவைக் கட்டியவனே, சட்டம் எடுக்கும்போது அடியில் நிற்க வேண்டும்.

காலையிலிருந்து ஏழு பேர் நின்றாயிற்று. மூத்த கொத்தனார் கபாலி நின்றபோது நிதானமாக வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டான்.

தங்கவேல் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

எதிர்வரிசையைப் பார்த்தான். சிவப்புச் செங்கல் மாளிகை, அதன் மேல் கூஜா கவிழ்த்தது போலக் குவிமாடம். பக்கத்தில் துரைமார் கடையின் வழவழத்த தூண்கள். அடுக்கடுக்காக வளைவுகள். இதெல்லாம் விழுந்தா விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. தரை அதிர்ந்தது. மேலிருந்து ஒரு பொட்டு சுண்ணாம்பு அவன் தோளில் விழுந்தது.

"இன்னா நைனா, காலு இந்த ஆட்டம் ஆடுது?" மேஸ்திரி சுத்தியலைத் தூக்கியபடி கேட்டார். "உன் கைவேல மேல உனுக்கே நம்பிக்கை இல்லியா?"

"ஊருக்கு கார்டு போட்டுட்டியாடா?" என்றான் கபாலி. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சித்தாள் பாஞ்சாலி கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, வளைவுக்கடியில் அவன் பக்கத்தில் நின்றாள்.

மேஸ்திரியின் முகம் சிவந்தது. "ஏ பாஞ்சாலி! பொம்பளைக்கு இங்க இன்னா வேல? அப்பால போ!"

"வெயிலு மண்டையப் பொளக்குது. இங்க நெழலா கீது, நிக்கிறேன். நீ ஆப்ப அடி மேஸ்திரி."

மேஸ்திரி அடித்தார். முதல் ஆப்பு தெறித்தது.

இரண்டாவது அசையவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும்.

தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டான். பாஞ்சாலி மூடவில்லை. தலையை அண்ணாந்து உச்சிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆப்பு கழன்றது. சட்டம் சரிந்து போனது. மேலே 'நற' என்று ஒரு சத்தம். வளைவு நூலளவு இறங்கியது. இருவர் தலையிலும் வெள்ளைத் தூள் கொட்டியது.

பிறகு ஒன்றும் விழவில்லை.

மேஸ்திரி ஓடிவந்து தங்கவேலின் முதுகில் ஒன்று வைத்தார். "கொத்தனாருடா நீ!"

தங்கவேல் வாயைத் திறந்தான். பாஞ்சாலி அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டான்.

ஊரில் அவன் வைத்ததெல்லாம் மண் சுவர். வேலை கிடைக்க வேண்டுமே என்று, வளைவு கட்டத் தெரியும் என்று சொல்லியிருந்தான். பன்னிரண்டு வருடம் கலவை சுமந்து, கொத்தனார்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பொய் முதல் நாளே தெரிந்துவிட்டது. வெயிலுக்குக் கட்டிய சாக்குப் படுதாவுக்குப் பின்னால் மூன்று நாள் கரணை பிடித்து வளைவைக் கட்டியது பாஞ்சாலி. செங்கல் எடுத்துக் கொடுத்தது தங்கவேல்.

மவுண்ட் ரோடு பக்கம் போகும்போது யாராவது அந்த எட்டாவது வளைவைக் காட்டி, இது தங்கவேல் கொத்தனார் கட்டியது என்று சொன்னால், இல்லை, பாஞ்சாலி கட்டியது என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.