கோடு துள்ளாத வீடு

நிலநடுக்கத்தைக் கண்காணிக்கும் வேலையை அரசாங்கம் பொதுமக்களின் தலையிலேயே கட்டிவிட்ட பிறகு, சேலத்துக் குணசீலன் தன் சமையலறைத் தரையில் அதிர்வுமானியைப் பதித்தார். அது அனுப்பும் ரேடியோ சிக்னலை ஈரோட்டில் அன்வர் படிப்பார். அன்வர் வீட்டு சிக்னலை இவர் படிப்பார். அவரவர் சிக்னலை அவரவரே படிக்கக்கூடாது என்பது அதிர்வுமானி வைத்திருப்போர் சங்கத்தின் விதி.

மனைவி வசந்தகோகிலா நடந்தாலே அன்வரின் திரையில் கோடு துள்ளியது. "பூமி பேசறது கேக்க வேண்டாமா? மெதுவா நட!" என்று குணசீலன் தினமும் கத்தினார். கிரைண்டருக்குத் தடை விழுந்தது. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்தது.

ஒரு காலை அன்வர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "கொஞ்ச நாளா உங்க கோடு நூல் பிடிச்ச மாதிரி இருக்குங்க சார்."

"பாத்தீங்களா! சங்கத்துலயே நம்ம சிக்னல்தான் சுத்தம்."

"அது சரிங்க... வீட்டுல அம்மா இல்லீங்களா?"

குணசீலன் வயர்லெஸ்ஸோடு எழுந்து சமையலறைக்குள் போனார். யாரும் இல்லை. தரையெல்லாம் தூசி, கிரைண்டர் இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருந்தது.

"சார், இப்ப ஒரு அதிர்வு வந்துச்சுங்களே?"

"நான்தான் நடந்தேன். அதைப் பதிவுல சேத்துடாதீங்க."