பொய் சொல்லும் பட்டை

இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரி, செண்பகவல்லியின் கையில் ஒரு கறுப்புப் பட்டையையும் மாட்டி அனுப்பியிருந்தது. எவ்வளவு நேரம் தூங்குகிறாள், நாடி எப்படி அடிக்கிறது என்று அது அங்கே சொல்லிவிடும். போன வாரம் நர்ஸ் போனில், "நல்லாத்தானேம்மா தூங்குறீங்க?" என்று கேட்டாள். அன்றே மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

கோள் சொல்கிற சனியன் என்று பட்டையைத் திட்டித் தீர்த்தாள். அதன் புளுகை அம்பலப்படுத்த, நேற்றுப் படுக்கும்முன் அதைக் கழற்றிக் கணவர் மாசிலாமணியின் கையில் கட்டிவிட்டாள். முப்பது வருஷத்தில் தலைவலி என்றுகூடச் சொல்லாத மனுஷன்; படுத்தால் கட்டை மாதிரி அசையாமல் கிடப்பவர்.

காலையில் நர்ஸே கூப்பிட்டாள். "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லையேம்மா. நாடி கிடந்து அடிச்சிருக்கு. இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு எப்படித்தான் பேசாம இருந்தீங்க? டாக்டர் மாத்திரையைக் கூட்டச் சொல்லிட்டார்."

போனை வைத்ததும் செண்பகவல்லி கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களா? சுத்தப் பொய்!"

மாசிலாமணி சிரிக்கவில்லை. சட்டைக் கையைப் பட்டைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "அந்த மாத்திரை எப்போ வரும்?"