பதினோராவது எலக்ட்ரான்

மறுநாள் வேதியியல் பரீட்சை. ரெஜினா டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் மூன்று வட்டம் போட்டு, நடுவில் 11 என்று எழுதி, பதினோரு மாணவிகளைச் சோடியம் அணுவின் எலக்ட்ரான்களாக நிறுத்தினார். உள்வட்டத்தில் இரண்டு பேர், அடுத்ததில் எட்டு. கடைசி வட்டத்தில் வினோதா மட்டும், பள்ளி கேட்டை ஒட்டி.

"சோடியம் எதை லேசா விட்டுடும்?"

"வினோதாவை, மிஸ்!" சிரிப்பு.

கேட்டில் பைக் வந்து நின்றது. வினோதாவின் சித்தப்பா.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. ஏறுடி."

"நாளைக்குப் பரீட்சை, சித்தப்பா."

"படிச்சதெல்லாம் போதும்."

அவர் உள்ளே வந்தார். வினோதா நின்ற இடத்திலேயே நின்றாள். வேப்பமரத்தடியில் படித்துக்கொண்டிருந்த ஏழு மாணவிகள் நோட்டை மூடிவிட்டு எழுந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கடைசி வட்டத்தில் அவளுக்கு இரு பக்கமும் நெருக்கி நின்றார்கள்.

டீச்சர் எண்ணிப் பார்த்தார். நடுவிலிருந்த 11-ஐச் செருப்பால் அழித்துவிட்டு, நிதானமாக 18 என்று எழுதினார்.

"இப்ப இது என்ன?"

"ஆர்கான், மிஸ்."

"அதுக்கு என்ன குணம்?"

"கடைசி வட்டத்துல எட்டும் நிறைஞ்சிடுச்சு. இனி ஒண்ணைக்கூட விடாது, மிஸ்." இந்த முறை சொன்னது வினோதா.

ஒரே சீருடை, ஒரே மாதிரி மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. சித்தப்பா சுண்ணாம்புக் கோட்டின் வெளியே நின்று, எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.