தீவுத் திருநீறு

ஆவுடைநாயகம் பட்டுத்துணி முடிச்சை அவிழ்த்ததும் அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். உள்ளே பச்சைக் கற்பூரத்தோடு இருந்தது, ஆயிரம் வருடப் பழமையான திருநீறு.

குற்றாலத்தில் சீசன். பண்பொழி சிவசைலம் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த லாட்ஜ் அறை அது. அவருடைய மகன் மின்சார இலாகாவில் என்ஜினீயர். அந்தப் பையனைத் தன் மகள் மங்களேஸ்வரிக்கு எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று தென்காசி ஆவுடைநாயகம் இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறார்.

சிவசைலம் லேசில் மசிகிற ஆளா? பரம சைவம். பெண் பார்க்கப் போன தெருவில், மூன்றாவது வீட்டில் கொதிப்பது அயிலை மீன் குழம்பு என்று தெருமுனையிலேயே கண்டுபிடித்து, வண்டியைத் திருப்பச் சொன்ன மகான்.

அப்பேர்ப்பட்டவரை அசைக்கத்தான் ஆவுடைநாயகம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவக் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து படகில், ஆயிரம் வருடத்துக்கு முன் சிவன் கோயில் இருந்ததாகக் கேள்விப்பட்ட தீவு ஒன்றுக்கும் போய் வந்திருந்தார். கரையெல்லாம் மீன் நாற்றம். மூக்கைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியவர், திரும்பி வந்து பஸ் ஏறும் வரை அவிழ்க்கவில்லை.

தீவில் இடிந்த கல்மண்டபம். நடுவில் ஒரு பலகைக் கல். அதன்மேல் வெள்ளை வெளேரென்று பொடி. பார்த்ததும் கண்ணீர் முட்ட, விழுந்து கும்பிட்டு அள்ளிக்கொண்டாராம். படகுக்காரர் என்னவோ சொல்ல வந்திருக்கிறார். சந்நிதியில் பேசக்கூடாது என்று இவர் கையமர்த்திவிட்டார்.

இத்தனையையும் உருக்கமாகச் சொல்லி முடித்து, துணியைச் சிவசைலத்திடம் நீட்டினார்.

"ஈரமா இருக்கே வே?"

"இங்கன வந்ததுல இருந்தே அப்படித்தான் அண்ணாச்சி. அருள் ஊறுது."

சிவசைலம் நெற்றி நிறையப் பூசினார். ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக் கண்ணை மூடினார். நாக்கு மட்டும் உள்ளே மெல்லப் புரண்டது. ஆவுடைநாயகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் மகளுக்குக் கல்யாணம்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்த சிவசைலம், பெண்களை அருவியில் குளித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவைத் தாழிட்டார். ஆவுடைநாயகத்தின் காதருகே குனிந்தார்.

"உப்ப மட்டும் அள்ளிட்டு வந்திருக்கீரு... கருவாட்ட எங்க வே, சம்பந்தி?"