சனிக்கிழமைச் சூடு

“சனிக்கிழமை மதுரைக்குப் போறப்ப, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்கிட்ட மட்டும் ஹீட் முள்ளு சிவப்புக்கு ஏறுது அண்ணாச்சி. இன்ஜின் ஆற அரைமணி ஆகுது. அதுக்குள்ள நான் ஆண்டாளைச் சேவிச்சுட்டு வந்துருவேன். ஆனா இன்ஜின் போயிருமோன்னு பயமா இருக்கு” என்றாள் பெருந்தேவி.

ராஜபாளையத்து மெக்கானிக் பால்துரை அம்பாசிடரின் பானட்டைத் திறந்தார். பெருந்தேவி வாசலில் பூ வாங்கப் போனாள். வண்டியை ஓட்டிவந்த அவள் கணவர் சம்பத்குமார் கறுப்புச் சட்டையோடு ஒதுங்கி நின்றார்.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. சூட்டை அளக்கும் சென்சாரும் புதிது. ஆனால் அதிலிருந்து கூடுதலாக ஒரு ஒயர் உள்ளே போனது. பால்துரை அதைத் தடவிக்கொண்டே போனார். டிரைவர் சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தது. சாவியைத் திருகி அதைத் தட்டினார். இன்ஜின் குளிர்ந்தே கிடக்க, முள் சிவப்புக்கு ஏறியது.

அவர் நிமிர்ந்து சம்பத்குமாரைப் பார்த்தார்.

“கோயிலுக்காக வண்டிய நிறுத்த மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கே ஊரறியச் சொல்லிட்டேன்” என்றார் சம்பத்குமார், தணிந்த குரலில். “வண்டிக்காக நிறுத்தலாம்ல?”

பெருந்தேவி பூவோடு வந்தாள். “என்ன அண்ணாச்சி, சரியாயிருமா?”

“சரி பண்ண ஏலாதும்மா” என்று பால்துரை பானட்டை மூடினார். “பயப்படாதிய. அங்க அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தா, இன்ஜின் ரொம்ப நாளைக்கு உழைக்கும்.”