பதிவு வேண்டாம்

துப்பாக்கி வாங்குவோரின் விவரங்களைப் பாதுகாத்து வைக்கும் மசோதா பற்றி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றக் குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. முதல் ஆளாக எழுந்தார் ஆல்டன்.

"துப்பாக்கி வாங்குற ஆளு எப்படின்னு விசாரிச்சாச்சா, அன்னைக்கே அந்த விவரத்தை அழிச்சிடுங்க. அதைக் கட்டிக் காத்து அரசாங்கத்துக்கு என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கு என்ன பயம்?" என்றார் குழுத் தலைவி மார்லீன்.

"பயமா? எனக்கா?"

"அப்போ சொல்லுங்க. இந்த வருஷம் எத்தனை வாங்கினீங்க?"

ஆல்டன் தொண்டையைச் செருமினார். "அது எதுக்கு இப்போ?"

"இங்க உண்மையைத்தான் சொல்லணும்."

"நாலு."

மார்லீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை தவறாம மீன் பிடிக்கப் போறீங்களே, நம்ம அடுப்படிக்கு ஒரு மீனும் வந்து சேரலையேன்னு பாத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

ஆல்டன் மற்ற உறுப்பினர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தாங்க அழிக்கச் சொல்றேன்."